ஸ்பெஷல் விசாக்காரர்

"திரும்பப் போட்டுட்டு வாங்க."

கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார் அந்த வெளிநாட்டு நிபுணர்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. டெக்னீஷியன், நர்ஸ், பயிற்சி டாக்டர்கள், எல்லோர் முன்னாலும்!

"காலையிலேர்ந்து இதையேதான் சார் போட்டுக்கிட்டிருக்கேன். எங்கே தப்புன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"சொல்ல மாட்டேன். உங்க கண்ணுக்கே படணும்."

கேன்சர் நோயாளிக்கு எந்தப் பக்கத்திலிருந்து, எந்த அளவுக்குக் கதிர் கொடுப்பது என்று கணக்குப் போட்டு பிளான் தயாரிப்பது அவள் வேலை. அதில் பழம் தின்று கொட்டை போட்டவள்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்தபோது, அதற்குப் பிளான் போட இங்கே ஆளே இல்லை என்று அரசாங்கத்திடம் சொல்லி, பெரிய சம்பளம் வாங்கும் வெளிநாட்டு நிபுணர்களுக்கென்றே இருக்கிற ஸ்பெஷல் விசாவில் இவரை வரவழைத்துவிட்டார்கள். அவளைவிட வயதில் சின்னவர். சம்பளத்தைக் கேட்டால் டைரக்டருக்கே வயிறு எரியும்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே 'ஸ்பெஷல்'தான்.

"ஸ்பெஷல் இன்னிக்கும் காய்ச்சிட்டாரா மேடம்?" என்றார் டெக்னீஷியன், அவள் வெளியே வந்ததும். "நாம இங்கேயே பிறந்து தொலைச்சோம் பாருங்க, அதான் தப்பு. வெளியில பிறந்துட்டு விசாவோட வந்திருக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளானை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். தொண்டைப் புற்றுநோய்க்காரர். ஒரு கோணத்திலிருந்து போகிற கதிர், தண்டுவடத்தின் ஓரத்தை லேசாக உரசியது. அங்கே அளவு மீறிப் பட்டால் கை கால் விளங்காமல் போய்விடும். மாற்றிப் போட்டு எடுத்துப் போனாள்.

ஸ்பெஷல் அதை மேலிருந்து கீழே பார்த்தார். "ம்" என்றார். கையெழுத்துப் போட்டார்.

'நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேய்ஞ்சா போயிடும்?' மனசுக்குள் பொருமிக்கொண்டே வெளியே வந்தாள்.

சாயங்காலம் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்கம்மா, உட்காருங்க. ஸ்பெஷலோட விசா முடியப்போகுது. நாளைக்கு விசா ஆபீஸ்லேர்ந்து அதிகாரி ஒருத்தர் விசாரிக்க வர்றார். இந்த வேலைக்கு உள்ளூர்ல ஆள் இல்லைன்னாதான் நீட்டிப்பாங்க. உங்களைக் கேட்டா, 'என்னால முடியாது'ன்னு சொல்லிடுங்க."

"முடியாதா? இப்ப எல்லா பிளானும் நான்தானே சார் போடறேன்?"

"யார் இல்லைன்னா? ஆனா வாசல்ல அவர் போட்டோவை ஆளுயரத்துக்கு வச்சிருக்கோம். அதைப் பார்த்துத்தான் கூட்டம் வருது. உங்க போட்டோவை வச்சா வருமா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

அவள் எழுந்து வந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் ஸ்பெஷலின் மனைவி நின்றிருந்தாள், கணவருக்காகக் காத்துக்கொண்டு. இவளைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விசா நீட்டிச்சிடுவாங்க இல்லையா? எங்க ஊர்ல இருந்தவரைக்கும் பொண்ணு யார்கூடவும் பேசவே மாட்டா. இங்கே ஸ்கூல்ல அத்தனை சிநேகிதிங்க. திரும்பிப் போகணும்னாலே அழறா."

"நீட்டிப்பாங்க, நீட்டிப்பாங்க" என்று சொல்லி வைத்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இரக்கம் எட்டி எட்டிப் பார்த்தது. 'திரும்பப் போட்டுட்டு வாங்க' என்ற குரல் வந்து அதை விரட்டி விரட்டி அடித்தது.

மறுநாள் டைரக்டர் அறையில்தான் விசாரணை. ஒவ்வொருவராகத் தனியாக உள்ளே அழைத்தார்கள். அவள் முறை வந்தபோது, வாசலில் நின்ற டைரக்டர் 'ஞாபகம் இருக்கில்ல?' என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அதிகாரி நிதானமானவர். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே கேள்விதான் மேடம். அவர் இல்லாம இந்தப் பிரிவு நடக்குமா?"

"நடக்கும்."

சொல்லியே விட்டாள்! சொன்ன பிறகு அடக்கிவைத்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது.

"எல்லா பிளானும் நான்தான் சார் போடறேன். அவர் பார்த்துக் கையெழுத்துப் போடறார், அவ்வளவுதான். இந்த மெஷின்ல அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்கும் தெரியும். எந்தக் கேஸை வேணா கொடுத்துச் சோதிச்சுப் பாருங்க. உள்ளூர்ல ஆள் இல்லைன்னு சொல்றது எனக்கு அவமானம் சார்!"

"இதை அவர்கிட்டயும் கேட்டுப் பார்க்கலாமா?"

"கேளுங்க. ஆனா ஒத்துக்க மாட்டார். எந்த மனுஷன் தன் சோத்துல தானே மண்ணை அள்ளிப் போட்டுப்பான்?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி அவரைத்தான் மேடம் விசாரிச்சேன். 'இனிமே இங்கே வெளியாள் தேவையில்லை. அந்த மேடத்தை நம்பி மெஷினை விட்டுட்டுப் போகலாம்'னு சொல்லிட்டார். இப்படிச் சொன்னா குடும்பத்தோட ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், யோசிச்சுச் சொல்லுங்கன்னு நானே எடுத்துச் சொன்னேன். கேட்கலை."

அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தாள்.

"போகும்போது இன்னொண்ணும் சொன்னார்" என்றார் அதிகாரி. "'அவங்களைக் கேட்டா, என்னைக் காப்பாத்தறதுக்காக முடியாதுன்னுதான் சொல்லுவாங்க. ரொம்ப நல்ல மனசு. தயவுசெஞ்சு நம்பிடாதீங்க'ன்னு."