படியில் வைத்த கால்

அருகில் வாருங்கள் செல்லங்களே, நான் கண்ட ஒரு காலையைச் சொல்கிறேன். எகிப்தில் மின்யா ரயில் நிலையத்தில் தண்டவாளமெல்லாம் வெயில் வழிகிறது. பதினேழு வயது இரினி ரயில்பெட்டியின் படியில் ஒரு கால் வைத்து நிற்கிறாள். கெய்ரோவில் தையல் வேலை தருவதாகக் கூட்டிப்போகிறவர் உள்ளிருந்து கை நீட்டுகிறார். "அடையாள அட்டையைக் கொடும்மா, எங்கிட்டயே இருக்கட்டும்." அட்டையை எடுக்கும் அவள் மணிக்கட்டில், பச்சை குத்திய சிலுவை வியர்த்திருக்கிறது. "கடை எந்தத் தெருவுல?" என்கிறாள் வழியனுப்ப வந்த தோழி தெமியானா. "போனா தெரியும்" என்கிறார் அவர். தெமியானா இரினியின் பக்கம் திரும்புகிறாள். "அடியே, கோயில்ல பைபிள் நீதிமொழி ஒப்பிச்சுப் பென்சில் பரிசு வாங்குனியே, இப்பச் சொல்லு பாப்போம்!" "பேதை எந்தப் பேச்சையும் நம்புவான்..." இரினி ஒப்பிக்கிறாள். "விவேகி கால் வைக்கிற இடத்தைப் பாப்பான்." சொல்லிவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்க்கிறாள். விசில் ஊதுகிறது. கால் படியிலிருந்து மெல்ல இறங்குகிறது. அவர் நீட்டிய வெறுங்கை ரயிலோடு நகர்ந்து போகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கால் வைக்கும் படியையெல்லாம் கர்த்தர் காக்கட்டும்.