எதிர்வீட்டுக் கோணங்கி

“கிராணியாரே, அந்தத் தம்புசாமி மேல ஒரு புகார் எழுதித் தரணும். இந்த லைன்ல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டே சொன்னான் சின்னையா. நேராக வைத்துச் சொல்லத்தான் அவனுக்கும் ஆசை. கழுத்து சம்மதிக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் யாருக்கு எது எழுத வேண்டுமென்றாலும் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி இராமலிங்கத்திடம்தான் வருவார்கள். அவர் பேனாவைத் திறந்தார்.

“என்ன செஞ்சான்?”

“தெனம் காலையில என்னைக் கிண்டல் பண்றான்.”

சின்னையாவுக்கு ஏழு வருஷமாக இஞ்சின் துடைக்கும் வேலை. இப்போதுதான் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலைக்கு அவன் பெயர் வந்திருக்கிறது. திங்கட்கிழமை வெள்ளைக்கார டாக்டர் நெஞ்சளவு எடுப்பார். கையைத் தூக்கு, தலையைத் திருப்பு என்பார். தேறாவிட்டால் ஆயுசு முழுக்க எண்ணெய்த் துணியும் கையுமாகத்தான்.

நெஞ்சு விரிய வேண்டுமே என்று, சைக்கிள் கடையில் ஒட்டியிருந்த பயில்வான் படத்தைப் பார்த்து, பழைய மோட்டார் டியூபை நீளநீளப் பட்டையாக வெட்டி, வாசல் விட்டத்தில் கட்டி இழுக்க ஆரம்பித்தான். நெஞ்சு விரிந்ததோ இல்லையோ, மூன்றாம் நாளே கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்தான், ஒத்தடம் கொடுத்தான். விடிந்தால் மறுபடி இழுப்பான். மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இந்த லட்சணத்தில் எதிர்வீட்டுத் தம்புசாமி வேறு. குழாயடியில் வாளி வைப்பதில் வந்த சண்டைக்குப் பிறகு, இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

“நான் ரப்பரை இழுக்க ஆரம்பிச்சதும் அவன் வாசல்ல வந்து நின்னுக்குவான் ஐயா. நான் பண்றதையே பண்ணிக் காட்டுவான்.”

“எப்படி? புகார்னா விவரமா எழுதணும்லா. செஞ்சு காட்டு.”

சின்னையா எழுந்தான். இரண்டு தோளையும் காது வரைக்கும் தூக்கினான். தாடையை ஆமை மாதிரி முன்னால் நீட்டினான்.

“இப்படி... ஐயோ அம்மா!”

“அப்புறம்?”

“இல்ல இல்லன்னு கையை ஆட்டுவான். நீயெல்லாம் தேற மாட்டேங்கிறான்.”

கிராணி எழுதிக்கொண்டார். “அப்புறம்?”

“அப்புறம் தோளைத் தொப்புனு கீழ விடுவான். தாடையை உள்ள இழுத்துக்குவான். நேரா என்னையே பாத்துக்கிட்டு ரெண்டு முழங்கையையும் மெதுவா பின்னால இழுப்பான். என்னைக் கெழவன்னு காட்டுறானாம்!”

“சரியாத் தெரியல. இன்னொரு தடவை காட்டு.”

காட்டினான். கிராணி மறுபடி கேட்டார். கோபம் வேறு இருந்ததால், ஐந்தாறு தடவை நன்றாகவே காட்டினான்.

“கடைசியா விரலால தரையைக் காட்டுவான். மண்ணுக்குள்ள போன்னு அர்த்தம். இதை மட்டும் கொட்டை எழுத்துல எழுதுங்க.”

கிராணியின் பேனா நின்றது.

“ரப்பரை எங்க கட்டியிருக்க?”

“மேல, விட்டத்துல.”

“கீழ இறக்கிக் கட்டச் சொல்றானோ என்னமோ?”

“அவனா? எனக்கா? நல்லாச் சொன்னீங்க போங்க!”

சின்னையா தலையை அண்ணாந்து சிரித்தான். பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிட்டான்.

தலை எப்படி அண்ணாந்தது?

இடது பக்கம் திருப்பிப் பார்த்தான். திரும்பியது. வலது பக்கம் திருப்பினான். கொஞ்சம் சுருக்கென்றது, ஆனாலும் திரும்பியது. அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. கேலி பண்ணினவன் செய்ததைச் செய்தால் வலி எதற்குக் குறைய வேண்டும்?

“புகாரை முடிச்சிடவா?” என்றார் கிராணி.

“இருங்க ஐயா. எதுக்கும் ரெண்டு நாள் இருங்க.”

மறுநாள் காலையில், யாரும் பார்க்கிறார்களா என்று திருட்டு முழி முழித்துக்கொண்டே பட்டையை விட்டத்திலிருந்து அவிழ்த்து, தூணில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டினான். தோளை இறக்கினான், தாடையை உள்ளே வாங்கினான், மெதுவாக இழுத்தான். எதிர் வாசலில் நின்ற தம்புசாமி ஒரே ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுக்கச் சின்னையாவுக்கு வேலையே ஓடவில்லை. இந்த ஆள் எதிரியா, இல்லையா?

திங்கட்கிழமை டாக்டர் தலையைத் திருப்பச் சொன்னார். இரண்டு பக்கமும் திரும்பியது. சின்னையா தேறிவிட்டான்.

சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். தம்புசாமிதான் திறந்தார்.

“அண்ணே, நான் பாஸ் பண்ணிட்டேன்!”

தம்புசாமியின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார்.

சின்னையாவுக்குச் சுருக்கென்றது. ‘தேடி வந்தவனை வா என்றுகூடச் சொல்லவில்லையே, என்ன திமிர்!’ என்று திரும்பப் போனான். அதற்குள் தம்புசாமியின் மனைவி இராஜம்மா ஓடி வந்தாள்.

“தப்பா எடுத்துக்காத தம்பி. குழாயடிச் சண்டை அன்னிக்கே உன்கூட இனிமே பேசுறதில்லன்னு கோயில்ல சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணிட்டாரு. சாமி காரியமாச்சே, மீற மாட்டேங்கிறாரு.”

“அப்ப தெனம் காலையில வாசல்ல நின்னு...?”

“கிள்ளான் துறைமுகத்துல பத்து வருஷம் மூட்டை தூக்குனவரு தம்பி. தோளைத் தூக்கிட்டு இழுத்தா கழுத்து போயிடும்னு அவருக்குத் தெரியும். ராத்திரி வேலை முடிஞ்சு வந்தும் படுக்காம உனக்காக நிப்பாரு.”

“எங்களுக்குள்ளதான் ஆகாதேக்கா, பின்ன எதுக்கு?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘பேச மாட்டேன்னுதான்டி சத்தியம் பண்ணேன், அவன் கழுத்து ஒடியட்டும்னா பண்ணேன்?’ங்கிறாரு.”