பேய் பேசிய பாஷை

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் உமேஷ் போனில் மணி பார்த்தான். பேய் பேசப்போகும் காட்சிக்கு இன்னும் பத்தே நிமிடம்.

படம் முழுக்கக் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் நடக்கிறது. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு, அதற்குள் செத்துப்போன ஒருத்தி. மற்றபடி கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சத்தம்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தச் சத்தம் உமேஷின் வேலை.

அதனால்தான் அவன் அப்பா ராஜாராம், சொந்தக்காரர்களை ஒரு வேன் நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டு மதுரைத் தியேட்டருக்கு மேட்னி ஷோ வந்திருந்தார். இரண்டு வரிசை முழுக்கச் சௌராஷ்டிரக் குடும்பங்கள். வாசலில் டிக்கெட் கிழித்தவரைக்கூட அவர் விடவில்லை.

"அண்ணே, சவுண்டு பூரா எம்மகன் போட்டது. கொறச்சு வச்சுராதீக, அம்புட்டும் கேக்கணும்."

அம்புட்டும் கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் உமேஷின் பயம்.

பேய் யாருக்கும் புரியாத பாஷையில் பேச வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக் காலில் நின்றார். எழுதிப் பார்த்தார்கள், உளறிப் பார்த்தார்கள், எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் உமேஷ் தன் போனில் கிடந்த ஒரு வாய்ஸ் மெசேஜை எடுத்தான். அது அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழி. சென்னை ஸ்டுடியோவில் அவனைத் தவிர ஒருவருக்கும் புரியவில்லை.

குரலைத் தடிப்பாக்கினான், இழுத்தான், அடியில் அலைச் சத்தம் சேர்த்தான். இருநூறு தடவை ஓட்டிக் கேட்டதில் அவனுக்கே அது வெறும் சத்தமாகிவிட்டது. படம் மதுரைக்கும் வரும் என்பது அந்த மடையனுக்கு உறைக்கவே இல்லை.

அது அவன் அம்மா லலிதாம்பாளின் குரல்.

போன வருஷம், அவள் செத்த அன்று காலையில் வந்த மெசேஜ். கேட்டான். வழக்கமான வீசிங்தானே, அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தான். பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். சாயங்காலம் கப்பலூரில் வேலை முடிந்து திரும்பிய அப்பாதான் முதலில் பார்த்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ராஜாராம் ஒன்றையே சொன்னார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். பக்கத்தில் நின்று உமேஷ் தலையாட்டினான். ஒரு வருஷமாக ஆட்டிக்கொண்டே இருக்கிறான்.

திரையில் கதவு தானாக விலகியது. தியேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

பேய் பேசியது. அந்த மொழி தெரிந்தவர்களுக்கு அது சொன்னது இவ்வளவுதான்: மூச்சு முட்டுது. எந்திரிக்க முடியல. கதவத் தெறந்துதான் வச்சிருக்கேன்.

முன்வரிசைப் பையன்கள் அலறினார்கள். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். நடுவில் இரண்டு வரிசை மட்டும் கப்சிப். பெரியம்மா ஒருத்தி பாப்கார்ன் பொட்டலத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

உமேஷ் அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டால் அதைத்தான் தாங்க முடியாது. பாவி, அதைக் கொண்டுபோய் சினிமாவில் போடுவேனா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ராஜாராமின் கை இருட்டில் துழாவி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது. வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் காதருகே குனிந்து, வீட்டு மொழியில், யாருக்கும் கேட்டுவிடாதபடி கேட்டார்.

"உனக்கும் அனுப்பியிருந்தாளா?"