நிழல் சுமந்த பை

போட்டோவில் நிழல் போடுவதில் மன்னன் என்று தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்ட ஸ்டூடியோக்காரர், வாசலில் தனியாக நிற்கும் ஓர் அம்மாளின் படத்தில், வீட்டைவிட்டுப் போய் வருஷக்கணக்காகத் திரும்பாத அவள் மகனைப் பழைய போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டினார். வெயில் விழும் பக்கம் பார்த்து நிழலும் போட்டார். மகன் வெறுங்கையோடு நின்றான். நிழலின் தோளிலோ ஒரு பை தொங்கியது. எத்தனை முறை அழித்தாலும் திரும்ப வந்தது.

“கம்ப்யூட்டர் கோளாறும்மா,” என்று மன்னர் பழியைத் தள்ளிவிட்டார்.

“இருக்கட்டும் தம்பி. வெளியூர்லேருந்து வர்றவன் பை இல்லாமலா வருவான்?” என்று அம்மாள் படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மன்னர், அந்தப் பையை ஒரு கை பார்த்துவிடுவது என்று அதே படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். நிழலின் தோள் காலியாக இருந்தது. வாசற்படியில், அம்மாளின் நிழலுக்குப் பக்கத்தில், பையின் நிழல் இறக்கி வைக்கப்பட்டிருந்தது.