கயல் உட்காரும் இடம்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகு நிற்காத கயல் மட்டும், திராட்சைப் பெட்டியை வெட்டிச் செய்த நாற்காலியில் அவர்களுக்கு மேலே இருக்கிறாள். அதைச் செய்தவர் சிறப்பாசிரியை ஜெபஷீலா. இப்படிப்பட்ட பிள்ளைகளை ஊர் ஊராகப் போய் வகுப்போடு சேர்த்துவிடுவதே அவர் உத்தியோகம். மகள் விழுந்தால் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவதென்று, திராட்சைத் தோட்டத்து வேலையைப் பாதியில் விட்டுவந்த கயலின் அப்பா அழகுமலை வெளியே ஜன்னலைப் பிடித்து நிற்கிறான். கொடிக்கு மருந்தடித்த நீலம் அவன் நகக்கண்ணில் ஒட்டியிருக்கிறது. ஓட்டுச் சந்தில் இறங்கும் வெயில் கயலின் மடியில் விழுகிறது. எழுத்து அட்டைகளெல்லாம் கீழே பாயில் கிடக்கின்றன. அவளுக்குக் கை எட்டவில்லை. “அவ மட்டும் என்ன டீச்சர், விருந்தாளியா?” என்கிறாள் பூமாரி. ஜெபஷீலா நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு கயலைத் தூக்கிப் பாயில் இறக்குகிறார். “சாஞ்சிருவா டீச்சர்,” என்கிறான் அழகுமலை. “சாயட்டும்ணே, பாத்துக்கிருவோம்.” பூமாரி வட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கயலின் முதுகோடு ஒட்டி உட்கார்கிறாள். “நல்லா சாஞ்சுக்க. தூங்கிறாத.” கயல் சாய்கிறாள், பூமாரி கால்களை ஊன்றித் தாங்குகிறாள். கயலின் விரல் ஓர் அட்டையைத் தொட்டுத் தன் பக்கம் இழுக்கிறது. அழகுமலை ஜன்னல் கம்பியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு நடக்கிறான்.