பதினோரு நட்சத்திரங்கள்

"என் சம்சாரம் வர்றதுக்குள்ள முடிச்சிரணும். ஒரு கோடு, ஒரு பொட்டுப் பசை மிச்சம் இருக்கக் கூடாது."

அவர் அறையின் பூட்டைத் திறந்துவிட்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கவலையே படாதீங்க சார். கடைசியா விரலை ஓட்டிப் பார்ப்பேன். விரல் ஒட்டிச்சுன்னா மறுபடியும் முதல்ல இருந்து. அதுதான் நம்ம கணக்கு."

ஸ்டிக்கர், டேப், பெயின்ட் சொட்டு என்று எது ஒட்டியிருந்தாலும் எடுத்துவிடுவதால் அந்தக் குடியிருப்பு முழுக்க அவளுக்குப் பசையக்கா என்றே பெயர். கைக்குச் சமமாக வாயும் வேலை செய்யும்.

தரை வரை இறங்கும் பெரிய ஜன்னல். அதன் வெள்ளை பிளாஸ்டிக் சட்டத்தில், கீழிருந்து மேலாகப் பேனாக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் ஓர் எண், ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். மொத்தம் பதினொன்று. கடைசிக் கோடு அவளுடைய மோவாய்க்கு நேராக இருந்தது.

"பையன் உயரமா சார்? கிடுகிடுன்னு வளர்ந்துட்டானே! ஹாஸ்டல்ல படிக்கிறானா?"

"ஆறு வயசுல காய்ச்சல்ல போயிட்டான்."

பசையக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு கோடுகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

"கீழே இருக்கிற ஆறும் நான் போட்டது. மேல இருக்கிற அஞ்சும் அவ போட்டது. வருஷா வருஷம் அவன் பொறந்த நாளன்னிக்கு ஒண்ணு ஏறிடும். சாவியை என் தலையணைக்கு அடியிலதான் வெச்சிருக்கேன், எப்படித்தான் எடுக்கிறாளோ. நான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு இடது கையால வேற எழுதுறா." அவர் குரலை இறக்கினார். "இன்னிக்குப் பொறந்த நாள். இந்தத் தடவையும் போட்டான்னா டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போகணும். அங்கேயே சேர்த்துக்கிட்டாங்கன்னா, எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதாம்மா."

"கீழே இருக்கிற ஆறையுமா சார் அழிக்கணும்?"

"அது இருந்தாத்தானே மேல ஏறும்?"

அவர் கூடத்துக்குப் போய்விட்டார். பசையக்கா வேலையைத் தொடங்கினாள். முடி உலர்த்தும் கருவியால் ஸ்டிக்கருக்குச் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தாள். மிஞ்சிய பசையில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுத்தாள். பேனாக் கோட்டுக்கு ஸ்பிரிட். தின்னர் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பல்லிளித்துவிடும்.

முதல் ஆறு எண்களும் பெரியவர்கள் எழுத்து. ஏழு மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றது. எட்டு கோணலாகக் கிடந்தது. ஒன்பது பரவாயில்லை. பதினொன்று அச்சடித்தது போல அழகாக இருந்தது. இடது கை பழகப் பழக எழுத்தும் திருந்திவிட்டது போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். காலிக் கட்டிலைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

ஆறாவது கோட்டை அழிக்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற அப்பாவே அழிக்கச் சொல்லும்போது அவள் என்ன செய்வாள்?

வேலை முடிந்ததும் அவர் அறையைப் பூட்டி, சாவியைக் கூடத்து மேசைமேல் போட்டார். பசையக்கா சமையலறையில் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி வந்தாள். வந்தவள் சமையலறைக் கதவை மெல்லச் சாத்தினாள்.

"அழிக்கத்தானே கூப்பிட்டார்? அழிச்சாச்சா?"

பசையக்கா திருதிருவென்று விழித்தாள்.

"பயப்படாதீங்க. எனக்கு நிம்மதிதான். மேல இருந்த அஞ்சும் அவரே போட்டது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார், பாவம். கேட்டா உடைஞ்சு போயிடுவார்னு நானும் வாயைத் திறக்கலை. அவராவே அழிக்கணும்னு நினைச்சிருக்காரே, அது போதும்."

"நீங்க... அந்த ரூமுக்குப் போறதே இல்லையாம்மா?"

"சாவியே அவர்கிட்டதான். எப்பவாவது அவர் திறந்துவிட்டா பெருக்குவேன். அப்பவும் வாசல்லயே நிப்பார்."

பசையக்கா துணிகளைப் பிழிந்து பையில் போட்டாள். ரெண்டு பேரில் ஒருத்தர் புளுகுகிறார். யார் என்று கண்டுபிடித்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

மூவரும் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அரைமணி நேரம் போனது. கணவனும் மனைவியும் ஒரே சோபாவில் தோள் உரச உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். இனி இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு மனம் நிறைந்தது.

பையைத் தூக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. "ஐயோ, விரலை ஓட்டிப் பார்க்கவே இல்லையே! சாவி குடுங்க சார்."

சாவி போட்ட இடத்திலேயே கிடந்தது. அவரே எடுத்துக் கொடுத்தார். பசையக்கா பூட்டைத் திறந்து உள்ளே போனாள். இருவரும் கை கோத்தபடி பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள்.

அவள் கீழிருந்து மேலாக விரலை ஓட்டினாள். முழங்கால், இடுப்பு, மார்பு, மோவாய் வரை சட்டம் வழுவழுவென்று இருந்தது. அதற்கும் மேலே, மூக்குக்கு நேராக, விரல் ஒட்டியது.

"என்னம்மா, சுத்தமா போயிடுச்சா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவள் விரல் நுனியில் ஒரு புது நட்சத்திரம் பாதி கழன்று வந்திருந்தது. அதன் பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்த பன்னிரண்டின் மை இன்னும் காயவே இல்லை.