அடுத்த பேட்ச்

"அஞ்சு நிமிஷம்தான் குடுப்பாங்க பொன்னிக்கா. போர்டப் படிச்சீங்க, தொட்டிக்குள்ள எறங்க மாட்டேன்னு சொன்னீங்க. அதோட நிறுத்திக்கணும்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் அருள்மொழி மறுபடியும் சொன்னாள்.

"சரி டீச்சர். ஆனா அதுக்கப்பறம் ஒண்ணு..."

"அப்பறம்லாம் வேணாங்க்கா. அங்க பேசறதுக்கு நெறைய பேரு இருக்காங்க."

பொன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்பதைத் தாண்டியவள். ஒரு கெமிக்கல் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் கூலி வேலை. போன வருஷம்வரை, பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டுத்தான் பஸ் ஏறுவாள். அருள்மொழியின் மாலை வகுப்பில்தான் எழுத்து கற்றாள்.

"கம்பெனியில லீவு கெடைச்சிச்சா?"

"லீவுக்கு என்ன டீச்சர், ஜாஸ்தியாவே கெடைச்சிருக்கு."

அருள்மொழி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் மனசெல்லாம் சிதம்பரத்துப் பள்ளிக்கூட ஹாலில் இருந்தது. பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தரும் தன்னார்வலர்களுக்கு இன்று பயிற்சி. முடிவில் இவர்களில் ஒருவரைக் கருத்தாளராக, அதாவது மற்ற டீச்சர்களுக்கே பாடம் எடுப்பவராக, தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். தினமும் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால், இன்றைக்கு எதைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தோம் என்றுதான் அவள் முதலில் யோசிப்பாள். தான் நிஜமாகவே டீச்சர்தானா என்ற சந்தேகம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. இன்று பேர் வந்துவிட்டால் தீர்ந்துவிடும்.

பரீட்சை முடிந்து வகுப்புக்கு விடுமுறை விட்டிருந்த சமயம், ஒரு சாயங்காலம் பொன்னி போன் செய்து, போர்டைப் படித்ததையும் இறங்க மறுத்ததையும் சொன்னாள். அருள்மொழிக்கு அழுகையே வந்துவிட்டது. மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிக்கூட ஹாலில் ஃபேன்கள் கடகடத்தன. பயிற்சியாளர் செந்தமிழ்செல்வன் மைக்கைத் தட்டினார்.

"எழுதுன எல்லாரும் பாஸான ஒரே மையம் அருள்மொழியோடது. எப்படிம்மா?"

அருள்மொழி எழுந்து நின்றாள். "வேல செய்யற எடத்துல அவுங்க பாக்கற வார்த்தையா எடுத்து அட்டை செஞ்சேன் சார்."

"அத எல்லாருந்தான் செய்யறாங்க. வேற?"

கொஞ்சம் தயங்கினாள். "எழுத்து ஏறாதவங்கள ஆரம்பத்துலயே பிரிச்சிட்டேன் சார். அடுத்த பேட்ச்ல வாங்கன்னு அனுப்பிட்டேன். தெனமும் மொத ஆளா வந்து லைட்டப் போட்டு, பாய் விரிச்சி வைக்கிற அண்ணன் ஒருத்தரு. பாவமாத்தான் இருந்திச்சி. அவரையும் அனுப்பிட்டேன்."

"இதுதான் பாயிண்ட். பாவம் பாத்தா ரிசல்ட் வராது."

வெள்ளைப் பலகையில் நீல மையால் பெரிதாக எழுதினார்: 'தேறாதவர் – அடுத்த பேட்ச்.' எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த நஜியா பக்கத்தில் முணுமுணுத்தாள். "இது தெரியாம ஒரு கெழவர வச்சிக்கிட்டு 'அ'னாவுலயே ஒரு வருஷத்த ஓட்டிட்டேன்."

அடுத்து பொன்னியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பேசினாள்.

"எங்க கம்பெனியில கழிவுத் தொட்டி ஒண்ணு இருக்குங்க. அடியில சேறு கட்டிக்கிச்சி, எறங்கி அள்ளுன்னாரு மேஸ்திரி. தொட்டி மேல ஒரு தகரம் மாட்டியிருக்கும். தெனமும் பாக்கறதுதான். அன்னிக்கித்தான் படிச்சேன். மொதல்ல, டீச்சர் ஆடு படம் போட்டுக் காட்டுன 'ஆ'. அப்பறம் 'ப'. கூட்டிப் பாத்தா ஆபத்து. அதுக்குக் கீழ, உள்ளே இறங்காதேன்னு இருந்திச்சி. எறங்க மாட்டேன்னுட்டேன்."

"மேஸ்திரி என்ன சொன்னாரு?" என்று கேட்டார் செந்தமிழ்செல்வன்.

"நீ எப்பலேர்ந்து கலெக்டர் ஆனேன்னு கேட்டாரு."

ஹாலே சிரித்தது. கைதட்டல் எழுந்தது. டீச்சர் சொல்லிக் கொடுத்தபடியே பொன்னி அதோடு நிறுத்திக்கொண்டாள். அருள்மொழிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

"எழுத்து ஒரு உயிரக் காப்பாத்தியிருக்கு," என்றார் செந்தமிழ்செல்வன். "கருத்தாளர் யாருன்னு இனிமே நான் வேற சொல்லணுமா? எங்க பொன்னிம்மா, இந்தப் பலகையில இருக்கறதையும் படிச்சிக் காட்டுங்க."

பொன்னி பலகை அருகே போய் விரலை வைத்துக் கூட்டினாள்.

"தே... றா... த... வர்." கொஞ்சம் நின்றாள். "அடுத்த... பேட்ச்."

பிறகு முழுவதையும் இன்னொரு தடவை, தனக்கு மட்டும் கேட்கும்படி படித்துக்கொண்டாள். மறுபடியும் கைதட்டினார்கள்.

சத்தம் அடங்கியதும் நஜியா கேட்டாள். "அப்ப அந்தத் தொட்டிய யாருக்கா சுத்தம் பண்ணது?"

பொன்னி திரும்பி அருள்மொழியைப் பார்த்தாள். "சொல்லலாமா டீச்சர்? அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?"

அருள்மொழி சிரித்துக்கொண்டே, சொல்லுங்கள் என்று தலையாட்டினாள்.

"என்னைய அன்னிக்கே வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. மறுநாளு, படிக்கத் தெரியாத ஆளாப் பாத்து எறக்கியிருக்காங்க."

அவள் விரல் இன்னும் பலகையிலேயே இருந்தது.

"இதுல எழுதியிருக்கே, அடுத்த பேட்ச்சுன்னு, அவருதாங்க. பாய் விரிச்சி வைப்பாரே, நம்ம சிங்காரண்ணன். நாளைக்குக் காரியம், டீச்சர்."